கேளுங்கோ சொல்லுறன்: திரும்பிப் போன காசு எங்க போச்சு?

கேள்வி: அண்ணை, பாராளுமன்றம் நடக்கேக்க நான் யூடியூப்பில பாக்கிறனான். எங்கட பக்கத்து எம்பிமார் எழும்பி ஆஸ்பத்திரிக்கு டொக்டர் இல்லை, ரோட்டு உடைஞ்சு கிடக்கு எண்டு கேப்பினம், அமைச்சர் "அது மாகாண சபைக்குரிய விசயம்" எண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவார். அப்ப ஆரிட்டத்தான் போய்க் கேக்கிறது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, அமைச்சர் சொல்லுறது பொய் இல்லை, அதுதான் எரிச்சலே. 1987இல மாகாண சபையளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தோட வேலையைப் பிரிச்சாங்கள். ஏ, பி ரோட்டுகள் மத்திய அரசின்ர வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி ரோட்டுகள் மாகாணத்துக்கு, அதுக்கும் கீழ உள்ள ஒழுங்கையள் பிரதேச சபைக்கு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கொழும்பு சுகாதார அமைச்சுக்குக் கீழ, ஊருக்குள்ள இருக்கிற ஆதார வைத்தியசாலை, பிரதேச வைத்தியசாலை எல்லாம் அனேகமா மாகாணத்துக்குக் கீழ. பள்ளிக்கூடமும் அப்பிடித்தான், தேசிய பாடசாலை எண்டு போர்ட் போட்டது கொழும்புக்கு, மிச்சம் மாகாணத்துக்கு. நாட்டில இருக்கிற பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பள்ளிக்கூடங்களில பெரும்பகுதி இந்த மிச்சம்தான்.

ஆனா அமைச்சர் கையைக் காட்டுற பக்கம் ஆர் இருக்கினம்? வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரோட காலம் முடிஞ்சுது. 2017இல தேர்தல் சட்டத்தை மாத்தினாங்கள், அதுக்குத் தேர்தல் தொகுதியளின்ர எல்லை நிர்ணய அறிக்கை ஒண்டு செய்விச்சாங்கள், 2018இல அந்த அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடிச்சுது, அதோட தேர்தல் எல்லாம் அப்பிடியே கிடப்பில போட்டாச்சு. இப்ப அங்க இருக்கிறது சனாதிபதி நியமிக்கிற ஆளுநர். கேள்வி கேக்க உறுப்பினர் இல்லை, பதில் சொல்ல முதலமைச்சர் இல்லை. ஆளில்லாத கதிரையைக் காட்டி அங்க போய்க் கேளும் எண்டா எப்பிடி? என்னைக் கேட்டா எம்பிமார் ரோட்டைப் பற்றிக் கேக்காம அந்த ரோட்டுக்குரிய காசைப் பற்றிக் கேக்கவேணும். ரோட்டு மாகாணத்துக்குரியதா இருக்கலாம், காசு அனுப்புறது மத்திய அரசின்ர திறைசேரி, அதைப் பாஸ் பண்ணுறது இதே சபைதான், அதில மாகாண விசயம் எண்டு நழுவேலாது.

கேள்வி: வருசம் முடியேக்க வடக்கு கிழக்குக்கு ஒதுக்கின காசு திரும்பிப் போயிட்டுது எண்டு செய்தி வருது. எங்கட ஆக்களுக்குச் செலவழிக்கவும் தெரியாதோ? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கொண்டு இருந்தனான்.

ஒரு கோயில் கதை சொல்லுறன். எங்கட ஊர்க் கோயிலுக்கு கூரை மாத்த கனடாவில இருந்து ஒராள் பத்து லட்சம் தாறன் எண்டு தை மாசம் சொன்னார், சபையும் கைதட்டி கொப்பியில எழுதியாச்சு. மூண்டு லட்சம் ஆடியில வந்தது, பிறகு ஒண்டு கார்த்திகைக் கடைசியில, மிச்ச ஆறையும் காணேல்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில சூமில வந்து "நான் பத்து தந்தன், நீங்கள் நாலுதான் செலவழிச்சிருக்கிறியள்" எண்டாரே பாக்கலாம், தலைவர் வாயைப் பிளந்தபடி இருந்தார்.

திறைசேரிக் கதையிலும் பாதி இதுதான். பட்ஜெட்டில எழுதுறது ஒதுக்கீடு. அது செலவழிக்கிறதுக்கு அனுமதி, அவ்வளவுதான், காசில்லை. காசு பிறகு திறைசேரியின்ர கையில என்ன இருக்கெண்டு பாத்துப் பாத்துத்தான் பகுதி பகுதியா விடுவிக்கப்படும். சம்பளக் காசு எப்பிடியும் வந்திடும், ஏனெண்டா சம்பளம் போகாட்டி ரோட்டில இறங்குவினம். வெட்டு விழுறது மூலதனச் செலவில, அதாவது கட்டடம், ரோட்டு, மெசின். 2022இல நாடே கடன் கட்டேலாதெண்டு அறிவிச்ச வருசம் இருக்கே, அந்த வருசத்து மூலதன ஒதுக்கீட்டைப் பாத்து ஒரு மாகாண அதிகாரியை ஏசுறதில நியாயம் இருக்கோ? டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு மணியோட அந்த வருச ஒதுக்கீடு செத்துப்போம். வராத காசுதான் அனேகமா திரும்பிப் போன காசு எண்டு பேர் எடுக்கிறது.

இன்னுமொண்டு இருக்கு, கொழும்பில ஏசிக்குள்ள இருந்து பாக்கிற ஆக்களுக்கு விளங்காது. வடக்கு கிழக்கில மாரி ஒக்டோபரில துவங்கி டிசம்பர் மட்டும் போகும். காசு செப்டெம்பர் ஒக்டோபரில வந்தா அந்த வெள்ளத்துக்குள்ள ஆர் தார் ஊத்துறது? தென்மேற்குப் பக்கத்துக் காலநிலைக்கு ஓடுற கலண்டரை வைச்சுக்கொண்டு கிளிநொச்சியில வேலை முடியேல்லை எண்டு எழுதுவினம். கொந்தராத்துக்காரர் கடன் வாங்கி வேலையைச் செய்துபோட்டு பில்லைக் கையில வைச்சுக்கொண்டு அடுத்த சித்திரை மட்டும் கந்தோர்ப் படி ஏறி இறங்குவார், அடுத்த முறை டெண்டருக்கு விலையைக் கூட்டித்தான் போடுவார், அந்தக் கூடின விலையும் எங்கட தலையிலதான்.

எங்கட பக்கத்தில பிழையே இல்லை எண்டு சொல்ல வரேல்லை. மதிப்பீடு பிந்தும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வெற்றிடம் நிரப்பாம கிடக்கும், ஒரு கையெழுத்துக்கு ஃபைல் ரெண்டு மாசம் தூங்கும், இதெல்லாம் உண்மை. எது எவ்வளவு எண்டு பிரிச்சு அறியத்தான் எம்பி கேக்கவேணும். எவ்வளவு ஒதுக்கினது, அதில எவ்வளவு எந்தெந்த மாசத்தில விடுவிச்சது, எவ்வளவு செலவழிஞ்சுது, டிசம்பர் 31 அண்டைக்கு கட்டாம கிடந்த பில் எவ்வளவு. இந்த நாலையும் மாகாண வாரியா மேசையில வைக்கச் சொன்னா ஆர் கள்ளன் எண்டு தானாத் தெரியும். இப்ப கனபேர் "போதிய நிதி ஒதுக்கப்படுமா?" எண்டு கேக்கினம், அமைச்சரும் ஒதுக்கப்படும் எண்டுறார், எல்லாரும் கன்டீனுக்குப் போகினம்.

கேள்வி: அண்ணா, பாராளுமன்றத்தில பேசினதை அச்சடிக்கிற ஹன்சாட்டில ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில "இன்றேல், ஏன்?" எண்டு வருது. அதென்ன மந்திரமா? (ஏ.எல் மாணவி, பம்பலப்பிட்டி)

பதில்: மந்திரம்தான் மகள், "இல்லையெண்டா ஏன் இல்லை?" எண்டதுதான் அர்த்தம். அறிவாரா, தெரிவிப்பாரா, இன்றேல் ஏன் எண்டு அ, ஆ, இ போட்டு எழுதுறது பழைய வழக்கம். அமைச்சர் "ஆம்" எண்டு சொன்னா கடைசிப் பகுதிக்குப் பதில் "எழாது". எனக்கு அதைவிடப் பிடிக்காதது "பதிலைச் சபாபீடத்தில சமர்ப்பிக்கிறேன்" எண்டுறது. வாசிக்காமலே காகிதத்தைக் குடுத்திடுவார், அவர் வாயால சொல்லி நாங்கள் கேக்கேலாது. ஆனா அந்தக் காகிதம் ஹன்சாட்டில அச்சாகும், ஆற அமர இருந்து வாசிச்சா நல்ல சரக்கு இருக்கும். அட்டவணை உள்ள பக்கங்களை விட்டிடாதேங்கோ.

கேள்வி: கொழும்பில பிறந்து வளந்தனாங்கள், மாகாணக் காசு எங்களுக்கென்ன? (வாசகர், தெகிவளை)

பதில்: மேல் மாகாணமும் ஒரு மாகாணம்தான் தம்பி. உங்கட சபையும் 2019இல முடிஞ்சுது, உங்களுக்கும் கேக்க ஆளில்லை. கொழும்பு வடக்கில இருக்கிற சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில ரீச்சர் காணாது எண்டா அதில பலது மாகாணத்தின்ர தலையிலதான்.

உங்கட மாகாணத்திட்ட வருமானம் இருக்கு, அதுதான் வித்தியாசம். வெள்ளவத்தையில ஒரு அப்பார்ட்மென்ட் கை மாறினா மாகாணத்துக்கு விழுற முத்திரைத் தீர்வைக்கும் மன்னாரில ஒரு பனங்காணி கை மாறினா விழுறதுக்கும் எங்க கிட்ட நிக்கிறது. முந்தி தேச கட்டுமான வரியில மூண்டில ஒரு பங்கு மாகாணங்களுக்குப் போச்சு, 2019 டிசம்பரில அந்த வரியையே எடுத்துவிட்டாங்கள். வரி குறைஞ்சுதெண்டு நாங்கள் எல்லாரும் கைதட்டினது ஞாபகமோ?

இந்த ஏற்றத்தாழ்வைப் பாக்கத்தான் நிதி ஆணைக்குழு எண்டு ஒண்டை அரசியலமைப்பில வைச்சிருக்கு. மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், அதோட பெரிய மூண்டு சமூகத்தையும் பிரதிநிதிப்படுத்த இன்னும் மூண்டு பேர். சனத்தொகை, தலா வருமானம், மாகாணங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைக்கிறது எல்லாம் பாத்துப் பங்கு பிரிக்கவேணும் எண்டு சட்டம். அவையின்ர சிபாரிசைச் சனாதிபதி பாராளுமன்றத்துக்கு அனுப்பவேணும், அதில என்ன நடவடிக்கை எடுத்தது எண்டும் சபைக்குச் சொல்லவேணும், இதுவும் அங்கேயே எழுதிக் கிடக்கு. "அவை எவ்வளவு சிபாரிசு செய்தவை, நீங்கள் எவ்வளவு குடுத்தனீங்கள்?" எண்டு ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ஒரு எம்பி கேட்டா அந்த எம்பிக்கு நான் சொந்தக் காசில ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுப்பன்.

கேள்வி: எம்பி கேக்காட்டி நான் கேக்கேலாதோ? (வாசகி, மட்டக்குளி)

பதில்: தாராளமாக் கேக்கலாம். தகவல் அறியும் சட்டம் 2016இல வந்தது, 2017 பெப்ரவரி 3இல இருந்து நடைமுறையில இருக்கு. ஏன் கேக்கிறீர் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள்ள தாறம் தரமாட்டம் எண்டு முடிவு சொல்லவேணும். நான் ஒரு கந்தோருக்குத் தமிழில எழுதினன், பதினாலாம் நாள் தடிச்ச ஒரு கவர் வந்தது, முழுக்கச் சிங்களத்தில. கோல் எடுத்து மரியாதையாச் சொன்னன், மற்றப் பக்கத்தில இருந்த பெடியன் "சொரி அங்கிள்" எண்டுபோட்டு ரெண்டு கிழமையால தமிழில அனுப்பினான், இலக்கங்கள் ரெண்டிலயும் ஒண்டுதான். நீங்கள் எழுதேக்க மேல சொன்ன நாலையும் வேற வேறையாக் கேளுங்கோ, "நிதி விபரம்" எண்டு மொத்தமாக் கேட்டா மொத்தமா ஒரு வரி வரும். தபாலைப் பதிவுத்தபாலில போடுங்கோ, துண்டைத் துலைக்காதேங்கோ.