கீரை வெளுத்தால் மீனைக் கூட்டாதீர்கள்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கொல்லையில் 1000 லிட்டர் ஐபிசி தொட்டி (கம்பிக்கூண்டு போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி) ஒன்றும், இன்னொன்றை அறுத்துச் செய்த ஜல்லிப் படுக்கை இரண்டும் வைத்து எட்டு மாதமாக அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரைக் கொண்டே மண் இல்லாமல் செடி வளர்ப்பது) ஓட்டுகிறேன். 30 ஜிலேபி மீன், ஒவ்வொன்றும் கால் கிலோ இருக்கும். தண்ணீர் போர் தண்ணீர், பிஎச் (புளிப்பு-காரத்தன்மை அளவு, 7 நடுநிலை) 8. இரண்டு மாதமாகப் பாலக், வெந்தயம் எல்லாம் குருத்து வெளுக்கிறது. மீன் போதவில்லை போலிருக்கிறது என்று 50 குஞ்சு வாங்கி விட்டு, காலை மாலை ஒவ்வொரு கைப்பிடி தீவனமும் கூட்டினேன். பத்து நாளில் குஞ்சும் பெரியதுமாக முப்பதுக்கு மேல் மிதந்துவிட்டது. இன்னும் ஒரு மீன் தொட்டியும் நான்கு படுக்கையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன், எப்படிப் போடுவது?"

போடலாம், தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் வைத்த மருந்து வேறு நோய்க்கானது, முதலில் அதைச் சரிசெய்யாமல் விரிவாக்கினால் இதே கதை நான்கு மடங்கு பெரிதாக நடக்கும்.

முதலில் இலை. எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை மொத்தமாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, அதற்கு மீனோ தீவனமோ போதவில்லை என்று சொல்லலாம். நீங்கள் சொல்வது குருத்து. இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக வலை மாதிரி தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் செடிக்கு வேண்டிய அளவு இரும்பு கிடையாது, இருப்பதும் பிஎச் 8-ல் செடி எடுக்க முடியாதபடி படிந்துபோகும். நூறு மீன் விட்டாலும் இது தீராது. உரக்கடையில் இரும்பு செலேட் (செடி எடுக்கும்படி கரைந்தே நிற்க, பிணைத்து வைத்த இரும்பு) கேளுங்கள், அதிலும் 'ஈடிடிஎச்ஏ' வகையைக் கேளுங்கள், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் 'ஈடிடிஏ' வகை பிஎச் 7-ஐத் தாண்டினால் காசைத் தண்ணீரில் கரைத்த மாதிரிதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கணக்கு. உங்கள் மொத்தத் தண்ணீர் சுமார் 1000 லிட்டர், 2 கிராம் இரும்பு வேண்டும், செலேட்டில் இரும்பு 6 சதவீதம் என்பதால் 33 கிராம் தூள். கரைத்து ஊற்றினால் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். புதிதாக வரும் குருத்து பச்சையாக வரும், பழைய வெளுப்பு அப்படியேதான் இருக்கும்.

அப்புறம் மீன் ஏன் செத்தது? 50 குஞ்சு கேட்பதற்குப் பெரிய எண்ணிக்கை, ஆனால் 10 கிராம் குஞ்சு என்றால் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோதான், நாளைக்கு 25 கிராம் தீவனம் தின்றால் அதிகம். நீங்கள் கூட்டியது இரண்டு கைப்பிடி. என் கைப்பிடியை ஒருநாள் தராசில் போட்டுப் பார்த்தேன், 45 கிராம் காட்டியது. ஆக 25 கூட்ட வேண்டிய இடத்தில் 90 கூட்டியிருக்கிறீர்கள், தின்னாதது ஜல்லிக்குள் போய் அழுகியிருக்கும். தின்றாலும் ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 30 கிராம் அம்மோனியா வரும், தின்னாமல் அழுகினால் அதைவிட அதிகம். ஜல்லியில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாதான் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கிச் செடிக்குக் கொடுக்கிறது. அது நேற்று வரை கிடைத்த சாப்பாட்டுக்கு ஏற்ற கூட்டமாகத்தான் இருக்கும், ஒரே நாளில் விருந்தை இரட்டிப்பாக்கினால் கூட்டமும் அன்றே இரட்டிப்பாகாது. போதாக்குறைக்கு உங்கள் பிஎச். தண்ணீர் 30 டிகிரி இருக்கும்போது பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, பிஎச் 8-ல் அது ஏழு பங்குக்கு மேல். சோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டும், விஷம் மட்டும் சுமார் பத்து மடங்கு.

எனக்கும் இது நடந்திருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது வருடம் ஒரு சாயங்காலம் 60 குஞ்சை நேராகக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் தொட்டிப் பக்கம் 'சப் சப்' என்று சத்தம், டார்ச் அடித்துப் பார்த்தால் அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து தீவன டப்பாவுக்குள் ஒரு சின்னத் தராசு வைத்திருக்கிறேன்.

அந்தத் தராசை வைத்துத்தான் உங்கள் விரிவாக்கத்தையும் கணக்குப் போட வேண்டும். ஜல்லிப் படுக்கையில் கீரை வளர்க்க, ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது சிறிய அமைப்புகளுக்கான நடைமுறைக் கணக்கு. (அமெரிக்க வெர்ஜின் தீவுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஜேம்ஸ் ரக்கோசி மிதவைப் படுக்கைக்குச் சொன்னது 60 முதல் 100 கிராம். அங்கே கழிவைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள், அதை நாம் அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது.) ஐபிசியில் அறுத்த படுக்கை ஒன்று சுமார் 1.2 சதுர மீட்டர். உங்களிடம் இரண்டு, அதாவது 2.4. அது தாங்குவது நாளைக்கு 100, 110 கிராம். குஞ்சு விடுவதற்கு முன்பே உங்கள் 30 மீன் ஏழரைக் கிலோ, உடல் எடையில் இரண்டு சதவீதம் தீவனம் என்றால் நாளைக்கு 150 கிராம். பார்த்தீர்களா? மீன் போதாமல் இல்லை, படுக்கைதான் போதவில்லை.

இப்போது நான்கு படுக்கை கூடினால் மொத்தம் ஆறு, 7.2 சதுர மீட்டர், 320 கிராம் தீவனம், அதாவது 16 கிலோ மீன். காற்று நன்றாகக் கொடுத்தால் இதை ஒரே 1000 லிட்டர் தொட்டி தாங்கும். ஆகவே இரண்டாவது தொட்டி மீனுக்கு வேண்டாம், அதைத் தரையில் குழிவெட்டி இறக்கிச் சம்ப்பாக வையுங்கள்.

சம்ப் ஏன்? ஒரு படுக்கையில் தண்ணீர் 25 சென்டிமீட்டர் ஏறினால், ஜல்லிக்கு நடுவே இருக்கும் இடைவெளி 40 சதவீதம் என்று வைத்தால்கூட 120 லிட்டர் பிடிக்கும். இரண்டு படுக்கைக்கு 240, மீன் தொட்டி கால்வாசி இறங்கும், மீன் சமாளித்துவிடும். ஆறும் ஒரே நேரத்தில் நிரம்பினால் 720 லிட்டர், மீன் கணுக்கால் தண்ணீரில் துள்ளும். அதனால் மோட்டாரை மீன் தொட்டியிலிருந்து எடுத்து சம்ப்பில் போடுங்கள். அது மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும், தொட்டி நிரம்பி வழிவது படுக்கைக்குப் போகும், படுக்கையிலிருந்து வடிவது சம்ப்புக்கு வரும். வழிவுக் குழாயின் வாயைத் தொட்டியின் அடிவரை இறக்குங்கள், அடியில் தங்கும் கழிவு தானாக மேலேறி வெளியே போகும். மேலே திரும்பும் இடத்தில் ஒரு 'டீ' (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டு அதன் மேல்வாயைத் திறந்தே விடுங்கள், அடைத்தால் குழாய் சைஃபனாகி மொத்தத் தொட்டியையும் உறிஞ்சிவிடும். இப்படி வைத்தால் படுக்கைக் குழாய் எங்கே உடைந்தாலும் காலியாவது சம்ப்தான், மீன் தண்ணீரிலேயே இருக்கும். மோட்டார் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள், அது உயரமே ஏற்றாதபோது தருவது. உங்கள் ஏற்ற உயரத்தில் மணிக்கு 1000 லிட்டராவது வரவேண்டும்.

ஏழெட்டு கிலோ மீன் வரை ஜல்லியே கழிவை வாங்கிக்கொள்ளும், மண்புழு கொஞ்சம் விட்டால் இன்னும் நல்லது. 16 கிலோவுக்கு அது ஆகாது. மீன் தொட்டிக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு 200 லிட்டர் நீல டிரம் வையுங்கள், தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து மெதுவாகச் சுழன்று மேலே வழியட்டும், கனமானது அடியில் உட்காரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்தால் கறுப்பாக ஒரு குழம்பு வரும், வாழைக்கு ஊற்றுங்கள், நான் தென்னைக்கு ஊற்றுகிறேன்.

வேலையின் வரிசைதான் முக்கியம். முதலில் சம்ப், டிரம், குழாய். அடுத்து படுக்கைகள். ஜல்லி முக்கால் அங்குலம், நன்றாகக் கழுவுங்கள், கழுவும் முன் நாலு கல்லில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது, பிஎச் ஜென்மத்துக்கும் இறங்காது. இதே சோதனையைப் பழைய படுக்கையிலும் செய்யுங்கள், எட்டு மாதமாகியும் பிஎச் 8-லேயே நிற்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, பாக்டீரியா வேலை செய்யச்செய்யத் தண்ணீர் மெல்லப் புளிப்புப் பக்கம் போகவேண்டும். கல் நல்ல கல் என்றால் குற்றவாளி நீங்கள் தினமும் சேர்க்கும் போர் தண்ணீர். மொட்டைமாடி மழைநீரைச் சேர்த்துப் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் நேராக ஆசிட் ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். குறி 7-க்குப் பக்கத்தில், 6.5-க்குக் கீழே போனால் பாக்டீரியா சுணங்கும்.

பழைய படுக்கையிலிருந்து, புதுப் படுக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கெட் ஜல்லியைக் கழுவாமல் அள்ளிக் கலந்து நாற்று நடுங்கள், மூன்று நான்கு வாரம் மீன் கூட்டாமல் ஓடட்டும். பிறகு 15 குஞ்சாக, இரண்டு மூன்று வார இடைவெளியில் விடுங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்தே அடுத்த தவணை. புதுக்குஞ்சு எதுவானாலும் இரண்டு வாரம் தனி டிரம்மில். போன முறை செத்ததில் நோயும் கலந்திருக்கலாம். அந்த டிரம்மில் லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போடலாம், அந்தத் தண்ணீரைப் படுக்கைப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மின்வெட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான்தான் எழுதவேண்டியிருக்கிறது. 16 கிலோ மீன் கத்திரி வெயிலில் காற்று இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. பேட்டரியில் ஓடும் காற்று பம்பு வாங்கிவிட்டு அப்புறம் குஞ்சு வாங்குங்கள். தொட்டிக்கு மேல் நிழல்வலையும் கட்டுங்கள்.

பூச்சிக்கு எதையும் தெளிக்காதீர்கள். வீட்டுக்குள் அடிக்கும் கொசு ஸ்பிரே வகை மருந்துகள் மிகச் சொற்ப அளவிலேயே மீனைக் கொன்றுவிடும், தெருவில் கொசுப்புகை அடிக்க வந்தால் தொட்டியை மூடுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள், அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிருங்கள். பஞ்சகவ்யம் ஊற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மண்ணுக்கு ஊற்றுங்கள். இங்கே அது அழுகி அம்மோனியா ஏற்றும், சாணத்துக் கிருமி பச்சையாகத் தின்னும் கீரையில் ஏறும்.

ஜிலேபி வளர்ப்புக்கு அரசு அனுமதி சார்ந்த விதிகள் உண்டு, அளவைக் கூட்டுமுன் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளரும் என்று யாராவது குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள், அது தடைசெய்யப்பட்ட மீன். பழைய ஐபிசி வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் அந்தத் தொட்டி வேண்டாம்.

இரும்பு போட்டுப் பதினைந்து நாள் கழித்து எழுதுங்கள். படம் அனுப்பினால் மொத்தப் படுக்கையும் வேண்டாம், ஒரே ஒரு குருத்து, பக்கத்திலிருந்து எடுத்தது, கூடவே அன்றைய பிஎச், அம்மோனியா, நைட்ரைட், அப்புறம் தராசில் போட்ட தீவனக் கணக்கு.