அனுப்பியது சிரிப்பு, போய்ச் சேர்ந்தது முறைப்பு: இமோஜி கேள்வி பதில்

கே: இமோஜியைக் கண்டுபிடித்தவர் ஷிகேதகா குரிதா என்றுதான் எங்கும் போட்டிருக்கிறது. சரிதானே?

ப: பாதி சரி. 1999-இல் ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனம் ஐ-மோடு என்ற கைபேசி இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதற்காகக் குரிதா உருவாக்கியவை 176 படங்கள். ஒவ்வொன்றும் 12-க்கு 12 கட்டம், மொத்தமே 144 புள்ளிகள். அதில் முகபாவம் காட்டுவது எளிதல்ல. தொகுப்பில் பெரும்பாலும் வானிலை, வண்டிகள், ராசிச் சின்னங்கள். முகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016-இல் இவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்ததால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1997-இலேயே ஜே-ஃபோன் நிறுவனத்தின் ஒரு கைபேசியில் 90 படங்கள் இருந்தன. இன்று பிரபலமான மலக்குவியல் படமும் அதில் உண்டு. அந்த ஃபோன் விற்கவில்லை, பெயரும் தங்கவில்லை.

கே: அப்படியானால் பழைய :-) எதில் சேரும்?

ப: அது வேறு கிளை. 1982 செப்டம்பர் 19 அன்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில் கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன் முன்வைத்தது. கிண்டலாக எழுதியதைச் சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டதால், 'இது ஜோக்' என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ஜோக் அல்லாததற்கு :-( என்றும் சொன்னார். சோக முகமாக அது மாறியது பிறகுதான்.

கே: நான் சிரிப்பு அனுப்பினால் தோழி "ஏன் பல்லைக் கடிக்கிறே?" என்கிறாள். யார் மேல் தப்பு?

ப: இருவர் மேலும் இல்லை. ஃபோனிலிருந்து போவது படம் அல்ல, ஓர் எண். அந்த எண்ணுக்கு எந்தப் படம் போடுவது என்று எதிர்முனையின் ஃபோன் முடிவு செய்கிறது. கண் சுருங்கப் பல் தெரியச் சிரிக்கும் முகம் முன்பு ஆப்பிளில் வலியில் பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. மற்றவற்றில் நல்ல சிரிப்பு. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் சோதித்தார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே படத்தைக் காட்டியபோதுகூட, அது நல்ல உணர்வா, கெட்டதா, நடுநிலையா என்பதில் பார்த்தவர்கள் கால்வாசித் தடவை ஒத்துப்போகவில்லை. ஆக, ஃபோனை மாற்றினாலும் பிரச்சினை முழுதாகத் தீராது.

இன்னொரு காரணம் ஜப்பானிய சித்திரக்கதை மரபு. மூக்கிலிருந்து குமிழி தொங்கினால் அங்கே தூக்கம். மற்றவர்களுக்கு அது சளி அல்லது கண்ணீர். மூக்கில் ஆவி விடும் முகத்தின் பெயர், எழுத்துகளுக்கும் இமோஜிகளுக்கும் எண் தரும் யூனிகோடு பட்டியலில் 'வெற்றிப் பெருமித முகம்'. உலகம் பூராவும் அதைக் கோபத்துக்குத்தான் அனுப்புகிறது!

கே: மூளை இதை நிஜ முகமாகவே எடுத்துக்கொள்கிறதா?

ப: ஓரளவு. முகத்தைப் பார்த்தால் சுமார் 170 மில்லிநொடியில் மூளையில் ஒரு மின் அலை எழும். அதற்கு என்170 என்று பெயர். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வில், :-) பார்த்தபோதும் அது எழுந்தது. திருப்பி (-: என்று போட்டால் எழவில்லை. பிறவியில் வந்ததல்ல, பழகிப் பழகி வந்தது என்று இதிலிருந்து தெரிகிறது.

கே: ஆஃபீஸ் மெயிலில் ஒரு புன்னகை போட்டால் என்ன குறைந்துவிடும்?

ப: திறமைசாலி என்ற மதிப்பு குறையும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிமுகமில்லாதவரின் முறையான மெயிலில் இருந்த சிரிப்பு முகம் அன்பானவர் என்ற எண்ணத்தைக் கூட்டவில்லை. திறமை மதிப்பீட்டை மட்டும் இறக்கியது. பதில் எழுதியவர்கள் சொன்ன விவரமும் குறைந்தது. முதல் மெயில், விலைப்பேச்சு, புகார் மூன்றிலும் தவிர்த்துவிடுங்கள். எதிராளி முதலில் போட்டால் பிறகு நீங்களும் போடலாம்.

கே: கட்டைவிரல் காட்டினால் ஒப்பந்தம் ஆகிவிடுமா?

ப: ஆகியிருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு தானிய நிறுவனம் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதிசெய்யச் சொல்லி விவசாயிக்கு அனுப்பியது. வந்த பதில் ஒரு கட்டைவிரல். சரக்கு வரவில்லை. 'கிடைத்தது என்றுதான் சொன்னேன்' என்ற வாதத்தை ஏற்காமல், சுமார் 82,000 கனடிய டாலர் கட்ட 2023-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இவர்களுக்குள் முந்தைய ஒப்பந்தங்களும் 'ஓகே' போன்ற ஒற்றைச் சொல்லில் முடிந்திருந்தன என்பதே வழக்கைத் தீர்த்த விஷயம். பணம் சம்பந்தப்பட்டதென்றால் 'கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுத்திலேயே போடுங்கள்.

கே: குடும்பப் படம் அனுப்பினால் நாலு தலை தனித்தனியாகப் போகிறது.

ப: அது ஒரே எழுத்து அல்ல. நான்கு முகங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத மூன்று இணைப்பான்கள், ஆக ஏழு குறிகள். பழைய மென்பொருளுக்கு அந்தச் சேர்க்கை தெரியாததால் பிரித்துக் காட்டுகிறது. பார்ப்பவரின் ஃபோனை அப்டேட் செய்தால் சரியாகும்.

கே: எங்கள் தளத்தில் இமோஜி எல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படுகிறது. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல்தான்.

ப: அதன் பழைய 'யூடிஎஃப்8' குறிமுறை ஓர் எழுத்துக்கு 3 பைட் மட்டுமே தரும், இமோஜிக்கு 4 வேண்டும். 'யூடிஎஃப்8எம்பி4'-க்கு மாற்றுங்கள். அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு தளத்துக்கும் தரவுத்தளத்துக்குமான இணைப்பின் அமைப்பை மறப்பதுதான் வழக்கமான கோளாறு. பழைய பதிப்பில் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட வைக்கும் அட்டவணைக் குறிப்பு) வரம்பு 767 பைட் என்பதால், 255 எழுத்து நெடுவரிசை இடிக்கும். இண்டெக்ஸை 191 எழுத்தாகக் குறையுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறி ஆனவை திரும்பி வராது.

கே: எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு பூ போட்டதற்கு இரண்டு மெசேஜ் காசு ஏன்?

ப: ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. ஒரு இமோஜி நுழைந்தாலே முழுச் செய்தியும் வேறு குறிமுறைக்கு மாறி, வரம்பு 70 ஆகிவிடும். அதிலும் அந்தப் பூ இரண்டு இடம் பிடிக்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு எப்போதுமே 70 தான், எனவே இழப்பு இரண்டே இடம்.

கே: புது இமோஜி நாமே கேட்கலாமா?

ப: கேட்கலாம். யூனிகோடு கூட்டமைப்புக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பொருளைப் பலர் தேடுகிறார்கள், எழுதுகிறார்கள் என்பதற்குத் தேடல் தரவு காட்ட வேண்டும். நிறுவனச் சின்னம், கடவுள் உருவம், குறிப்பிட்ட மனிதர், புதுக் கொடி எதுவும் நடக்காது. ஏற்றுக்கொண்டாலும், விண்ணப்பித்ததிலிருந்து ஃபோனுக்கு வர இரண்டு வருடம் போல ஆகும்.