கர்நாடகத்தின் பெல்லாரியில் சட்டவிரோதமாக வெட்டி விற்ற இரும்புத் தாதுக் கொள்ளையில் லாரிக்காரர்களுக்கும் பங்கு உண்டுதானே?

செய்தியில் அந்த நீண்ட லாரி வரிசையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வரிசையில் என் வண்டியும் நின்றது.

நான் நாமக்கல்காரன். 2008இலிருந்து சண்டூர் பக்கம் தாது ஏற்றி, ஹூப்ளி வழியாகக் கர்நாடகக் கரையில் இருக்கும் பேலேகேரி துறைமுகத்துக்கு ஓட்டினேன். கடனில் வாங்கிய பத்துச் சக்கர வண்டி. தாது லோடைத் தூரத்திலிருந்து பார்த்தால் காலி வண்டி மாதிரி இருக்கும். பெட்டியில் முழங்கால் உயரம் வருவதற்குள் 16 டன் ஆகிவிடும். அப்புறமும் லோடர்காரன் ரெண்டு பக்கெட் போடுவான். வேண்டாம் என்றால் அடுத்த நடை கிடையாது. அரபைல் மலை இறக்கத்தில் பிரேக் கருகுகிற வாடையோடு இறங்குவோம். லுங்கியை எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் செக்கச்செவேல் என்றுதான் போகும்.

'ஓவர்லோடு என்று தெரிந்துதானே ஓட்டினாய்?' என்று யாராவது வருவார்கள். ஆமாம், தெரிந்துதான். டியூ கட்ட வேண்டுமே. ஆனால் டிரிப் ஷீட், அதாவது தாது ஏற்றிப் போகும் அனுமதிச் சீட்டு, கன்னடத்தில் இருக்கும். அது அசலா போலியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

சீனாவுக்குப் போன தாது ஒரு டன் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றபோது, வெட்டியெடுத்த தாதுவுக்காக அரசுக்குக் கிடைத்த ராயல்டி டன்னுக்கு 27 ரூபாயைத் தாண்டவில்லை. 2009 ஆகஸ்டில்தான் அதை விலையில் 10 சதவீதம் என்று மாற்றினார்கள். இடையில் இருந்த பணம் எந்த லாரிக்காரன் வீட்டுக்கும் வரவில்லை. 2010இல் பேலேகேரியில் பறிமுதல் செய்து குவித்து வைத்திருந்த தாதுவே லட்சக்கணக்கான டன் காணாமல் போனது. அது கப்பலில் போனது சார், என் வண்டியில் இல்லை.

அந்த ஜூலையில் கர்நாடக அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெல்லாரிச் சுரங்கங்களையே நிறுத்தியது. அதற்குள் என் வண்டி நாலு மாதம் ஷெட்டில் நின்று, ஃபைனான்ஸ்காரன் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெட்டியைக் கழுவக்கூட விடவில்லை.

இப்போது இன்னொருவர் வண்டியில் முட்டை லோடு ஓட்டுகிறேன். தம்பிக்குப் பெண் பார்க்கப் போனால் 'லாரித் தொழிலா?' என்று காபியோடு அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு அரிசி எதில் வருகிறதாம்?