கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: என் மைத்துனர் இன்ஜினியர். எக்செல் ஷீட்டில் புலி. ஆனால் தேர்தல் பேச்சு வந்தால், அவர் கட்சிக்கு ஆகாத எந்தப் புள்ளிவிவரத்தையும் ஏற்க மாட்டார். இவ்வளவு படித்தவர் ஏன் சார் இப்படி?
– வாசகர், திருப்பூர்

படிக்காதவராக இருந்தால் ‘எல்லாம் பொய்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். உங்கள் மைத்துனருக்கு அந்தப் புள்ளிவிவரத்தில் ஓட்டை கண்டுபிடிக்கத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் யேல் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் டேன் கஹானும் அவருடைய குழுவினரும் 1,111 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்களில் சிலருக்குக் கொடுத்த கணக்கு இது. தோல் தடிப்புக்கு ஒரு புதுக் களிம்பு. பூசியவர்களில் 223 பேருக்குக் குணம், 75 பேருக்கு இன்னும் மோசம். பூசாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு மோசம். களிம்பு வேலை செய்கிறதா?

நீங்களும் போட்டுப் பாருங்கள். 223 என்ற பெரிய எண் கண்ணில் பட்டதும் ‘ஆமாம்’ என்று சொல்லத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் பூசியவர்களில் நூற்றுக்கு 75 பேருக்குக் குணம், பூசாதவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு. களிம்பைத் தொடாமல் இருந்தவர்களே தேவலை. பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பாகச் சொன்னார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்கள் சரியாகச் சொன்னார்கள். இதுவரை ஆச்சரியம் எதுவும் இல்லை.

மற்றவர்களுக்கு எண்களை அப்படியே வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றினார்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடை போட்ட ஊர்கள், போடாத ஊர்கள். எங்கே குற்றம் குறைந்தது, எங்கே கூடியது? சிலருக்குத் தடை பலன் தந்ததாக வரும் அட்டவணை, சிலருக்கு அதற்கு நேரெதிர். விடை தங்கள் கட்சிக் கொள்கைக்கு ஒத்துவந்தபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகப் போட்டார்கள். ஒத்துவராதபோது களிம்புக் கணக்கில் காட்டிய கெட்டிக்காரத்தனத்தைக் காணோம். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்கிற ஜனநாயகக் கட்சிக்காரர், வேண்டாம் என்கிற குடியரசுக் கட்சிக்காரர் இரு தரப்பும் இப்படித்தான். கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களுக்கு நடுவில்தான் இந்த இடைவெளி மிக அதிகம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். விடை வந்துவிட்டால் பேனாவை மூடிவிடுவான். வராவிட்டால்தான் முதல் வரியிலிருந்து திரும்பப் பார்ப்பான். முதல் பார்வையில் கிடைத்த விடை பிடித்திருந்தால் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. பிடிக்காவிட்டால் வகுக்கத் தெரிந்தவர் பேப்பரை எடுப்பார், தெரியாதவர் சும்மா இருப்பார். உங்கள் மைத்துனர் பேப்பரை எடுக்கிறவர்.

ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் இதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்குக் கட்சிச் சாய்வு கிடைத்தது. கணக்குத் திறமை கூடக்கூட அது கூடும் என்பது அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. ஆகவே மைத்துனரிடம் ‘நீங்கள் படித்ததால்தான் இப்படி’ என்று வீரமாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். படிப்பு காப்பாற்றவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்சிக்காக உண்மையை மறுத்துப் பேசுகிறவர்கள் அதை நிஜமாகவே நம்புகிறார்களா, தெரிந்தே பேசுகிறார்களா?
– வாசகி, காரைக்குடி

இரண்டும் உண்டு. 2017-ல் டிரம்ப் பதவியேற்ற கையோடு, அந்த விழாக் கூட்டத்தின் படத்தையும் 2009 ஒபாமா விழாப் படத்தையும் பெயர் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘எதில் ஆட்கள் அதிகம்?’ என்று கேட்டார்கள். ஒன்றில் புல்வெளி நிறையத் தலைகள். மற்றதில் வெள்ளை வெள்ளையாகக் காலி இடம். டிரம்புக்கு வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 15 பேர் காலி இடம் தெரிந்த படத்தைக் காட்டினார்கள். மற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். பதினைந்து பேருக்கும் கண்ணில் கோளாறு இருக்க வழியில்லை. எது யாருடைய படம் என்று புரிந்துகொண்டு தலைவருக்குக் கை தட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு ஆய்வில், பொருளாதாரம், போர் மாதிரி விஷயங்களில் சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னதும் இரு கட்சிக்காரர்களின் விடைகளும் வெகுவாக நெருங்கி வந்துவிட்டன. டீக்கடை வாக்குவாதத்தில் பந்தயம் என்று நூறு ரூபாயை மேசையில் வையுங்கள். குரல் எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: இதெல்லாம் அமெரிக்கக் கதை. பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க நம் மக்களுக்குப் பயிற்சி கொடுத்தால் தீராதா?
– வாசகர், விருதுநகர்

கொடுத்துப் பார்த்தார்கள். 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 1,224 பேரை வைத்துச் செய்த சோதனை. சிலருக்கு மட்டும் நேரில் ஒரு மணி நேரம் போலப் பயிற்சி. மொத்தத்தில் பெரிய பலன் இல்லை. பாஜக ஆதரவாளர்களில் பயிற்சி பெற்றவர்கள், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை அடையாளம் காண்பதில் பயிற்சி பெறாதவர்களைவிடப் பின்தங்கினார்கள்!

மற்றக் கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1979-ல் ஸ்டான்ஃபோர்டில் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்கள், எதிர்க்கும் 24 மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. இரு தரப்புமே தனக்குப் பிடித்த ஆய்வு ஒழுங்காக நடந்தது, மற்றது ஓட்டை என்றார்கள். படித்து முடித்தபோது முன்பைவிட இன்னும் விலகிப் போயிருந்ததாக அவர்களே சொன்னார்கள்.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு ‘புள்ளிவிவரம்’ வருகிறது. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, கோவை

கட்சிப் பெயரை மாற்றிப் போட்டுப் படியுங்கள். ‘எங்கள் ஆட்சியில் 3 லட்சம் பேருக்கு வேலை’ என்று எதிர்க் கூடாரத்திலிருந்து வந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, நிரந்தர வேலையா, கணக்கெடுத்தது யார்? அதே மூன்றையும் உங்கள் ஆட்கள் அனுப்பியதற்கும் கேளுங்கள். குழுவில் கேட்காதீர்கள், சண்டை வரும். மனசுக்குள் கேட்டால் போதும்.

கேள்வி: எல்லாம் சரி, நீங்கள் எந்தக் கட்சி சார்?
– வாசகர், தஞ்சாவூர்

சொன்னால் மேலே உள்ள பதில்களை எல்லாம் இன்னொரு தடவை படிப்பீர்கள், இந்த முறை பேனாவோடு.