பட்டியலில் ஒவ்வொன்றாக: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் கூடி நிரல் எழுதிப் பழகுகிறோம். இந்த முறை ஒரே விஷயம்தான்: பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை லூப், பட்டியலுக்கென்று எழுதும் லூப் ஃபார்-ஈச். கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே.

ஈப்போவில் டிப்ளோமா படிக்கும் மாணவி: அண்ணே, ஜாவாவில் ஃபார்-ஈச் லூப்புக்குள்ளேயே, வேலையை விட்டுப் போனவர்களைப் பட்டியலிலிருந்து நீக்குகிறேன். சில நேரம் 'கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன்' வருகிறது, சில நேரம் வருவதில்லை. கோட் ஒன்றுதானே?

எக்செப்ஷன், அதாவது நிரல் பிழை சொல்லி நிற்பது, வராத நேரம்தான் ஆபத்து, தங்கச்சி. ஃபார்-ஈச் என்று எழுதினாலும் உள்ளே ஓடுவது ஐட்டரேட்டர், பட்டியலில் எங்கே நிற்கிறோம் என்பதை நினைவில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஆப்ஜெக்ட். 'இன்னும் இருக்கிறதா' என்று பார்க்க ஹேஸ்நெக்ஸ்ட், 'அடுத்ததைக் கொடு' என்று கேட்க நெக்ஸ்ட். ஜாவாவின் பட்டியலான அர்ரேலிஸ்ட் தன்னில் நடந்த சேர்ப்பு, நீக்கத்தை எல்லாம் எண்ணிக்கொண்டே வரும். ஐட்டரேட்டர் உருவாகும்போது அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். நெக்ஸ்ட் கேட்கும்போது எண் மாறியிருந்தால் எக்செப்ஷன்.

ஹேஸ்நெக்ஸ்ட் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. தான் நிற்கும் இடமும் பட்டியலின் அளவும் சமமா என்று மட்டும் பார்க்கும். 5 பேரில் 4ஆம் ஆளை நீக்கிப் பாருங்கள். நான்கு பேரைத் தாண்டியாயிற்று, அளவும் இப்போது 4. 'முடிந்தது' என்று லூப் அமைதியாக வெளியே வந்துவிடும். 5ஆம் ஆளை யாருமே பார்க்கவில்லை! கடைசி ஆளை நீக்கினாலோ இடம் 5, அளவு 4. சமமில்லை என்பதால் நெக்ஸ்ட் வரை போய் எக்செப்ஷனில் விழும்.

ஐட்டரேட்டரை நீங்களே கையில் எடுத்து, அதனுடைய ரிமூவ் வழியாக நீக்குங்கள். அது தன் கணக்கையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளும். ஜாவா 8 முதல் ரிமூவ்இஃப் இருக்கிறது, நிபந்தனையைச் சொன்னால் பொருந்துபவர்களை நீக்கிவிடும், ஒரே வரியில் வேலை முடியும். நானாக இருந்தால் அதைத்தான் எழுதுவேன்.

தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்): எனக்கு ஜாவா எல்லாம் தெரியாதுங்க. எக்செல் மேக்ரோவில் காலி வரிகளை ஃபார்-ஈச் போட்டு அழிக்கிறேன். அடுத்தடுத்து இரண்டு காலி வரி இருந்தால் ஒன்று தப்பிவிடுகிறது.

10ஆம் வரியை அழித்ததும் 11 மேலே ஏறி 10 ஆகிவிடுகிறது. மேக்ரோ அடுத்து 11க்குப் போகிறது. ஏறி வந்த வரி தப்பித்துக்கொண்டது. இங்கே ஃபார்-ஈச்சை விட்டுவிட்டு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள், ஸ்டெப் மைனஸ் 1. கீழே நடப்பது மேலே இருப்பதை அசைக்காது.

அதே மாணவி: அப்படியென்றால் பைத்தானில்?

பைத்தான் லிஸ்ட் கிராணி ஐயாவின் எக்செல் மாதிரி, சத்தமில்லாமல் தாண்டிப் போகும். லூப் ஓடும்போதே, பெயரும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் டிக்‌ஷனரியில் சேர்த்தாலோ நீக்கினாலோ 'அளவு மாறிவிட்டது' என்று ரன்டைம் எரர் கொடுக்கும். வேண்டியவர்களை மட்டும் வைத்துப் புதிய லிஸ்ட் கட்டிவிடுங்கள், தொல்லை இல்லை.

இடைநிலைப்பள்ளி ஆசிரியை: ஐட்டரேட்டர் ஏன் தனி ஆப்ஜெக்டாக இருக்க வேண்டும்? எங்கே நிற்கிறோம் என்பதைப் பட்டியலே நினைவில் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

கெட்டிக்காரப் பையன் டீச்சர். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ராத்திரி ஜாகாவுக்கு (காவலுக்கு) 4 பேரிலிருந்து இரண்டிரண்டு பேராக எல்லா ஜோடியும் எழுத வேண்டும். லூப்புக்குள் லூப். இடக்குறியைப் பட்டியலுக்குள்ளேயே வைத்தால், வெளி லூப் முதல் ஆளை எடுக்கும். உள் லூப் குறியை மறுபடி தொடக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய் கடைசி வரை ஓடும். திரும்பி வந்து வெளி லூப் பார்த்தால் குறி கடைசியில் நிற்கிறது, அது வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். முதல் ஆளுக்கு மட்டும் ஜோடி கிடைக்கும்.

செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) ஒன்றுதான், அதை இரண்டு பேர் பார்த்தால் விரல் அவரவருடையது. அந்த விரல்தான் ஐட்டரேட்டர். ஜாவாவில் ஐட்டரபிள் என்பது செக்ரோல், கேட்கும்போதெல்லாம் புது விரல் கொடுக்கும்.

பாடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறும் சொல்கிறேன். 1970களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழு செய்த சிஎல்யூ மொழியிலேயே ஐட்டரேட்டரும், ஒவ்வொரு மதிப்பாக வெளியே கொடுக்கும் யீல்ட் என்ற கட்டளையும் உண்டு. லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டின் டூரிங் விருது, கணினித் துறையின் பெரிய விருது, கிடைத்தது. ஜாவாவில் இதே வேலைக்கு முதலில் இருந்தது எனுமரேஷன், அதில் நீக்க வழியில்லை. 1998இல் வந்த 1.2 பதிப்பில்தான் ஐட்டரேட்டர் வந்தது. ஃபார்-ஈச் வந்தது 2004இல், ஜாவா 5இல்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி: பைத்தானில் எடைமேடை ஃபைலை ஜெனரேட்டர் (கேட்கும்போது ஒவ்வொரு வரியாக யீல்ட் செய்யும் ஃபங்ஷன்) வைத்துப் படிக்கிறேன் அண்ணே. முதலில் லாரி எத்தனை என்று எண்ணினேன், சரியாக வந்தது. அடுத்து டன்னைக் கூட்டினால் பூஜ்யம்.

எண்ணும்போதே எல்லாம் தீர்ந்துவிட்டது, தம்பி. ஜெனரேட்டர் ஒருமுறை ஓடி முடிந்தால் அவ்வளவுதான், திரும்பி வராது. லிஸ்ட் என்றால் ஒவ்வொரு முறையும் புது ஐட்டரேட்டர் கிடைக்கும். ஜெனரேட்டரிடம் கேட்டால் அது தன்னையே நீட்டும். அதுவும் காலியாகிவிட்டது.

சின்ன ஃபைல் என்றால் லிஸ்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பல வருடக் கணக்கு என்றால் வேண்டாம், ஒரே லூப்பில் எண்ணிக்கையும் கூட்டலும் சேர்ந்து நடக்கட்டும். ஒவ்வொரு வரியாக வாங்குவதால் மெமரி நிரம்பாது, ஜெனரேட்டரின் லாபமே அதுதான். இன்னொரு வழி: ஃபைல் பெயரை மட்டும் வைத்திருக்கும் ஒரு கிளாஸ் எழுதி, அதன் ஐட்டர் மெத்தடுக்குள் ஃபைலைத் திறந்து யீல்ட் செய்யுங்கள். எத்தனை முறை லூப் போட்டாலும் ஃபைல் புதிதாகத் திறக்கும்.

அதே தம்பி: கிளாஸ் எழுதுவதற்குப் பதில் உள்ளே இருக்கும் லிஸ்டையே வெளியே கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்கலாம். வாங்கியவர் அதில் கிளியர் போட்டால் உங்கள் டன் கணக்கு மொத்தமும் போய்விடும், பரவாயில்லையா? அப்புறம் நாளைக்கு லிஸ்டை மாற்றி டேட்டாபேஸ் வைத்தால், அந்த லிஸ்டை நம்பி எழுதிய கோட் எல்லாவற்றையும் நீங்கள்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்தக் கிளாஸ் மீது ஃபார் லூப் மட்டும் போட்டவர்களுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது.

சொந்தமாகக் கற்றுக்கொள்ளும் அக்கா ஒருவர்: ஐ சமம் 0 என்று எண்ணிக்கொண்டு, அந்த எண்ணில் இருப்பதை கெட் போட்டு எடுப்பது தப்பா?

அர்ரேலிஸ்டில் தப்பில்லை அக்கா. ஒவ்வொன்றும் அடுத்ததோடு சங்கிலியாகக் கோத்திருக்கும் லிங்க்ட்லிஸ்டில் போட்டால் அழுகைதான். அதில் கெட் கேட்டால் பக்கத்து முனையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக நடந்து வரும். 20,000 பெயர் என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 5,000 அடி, மொத்தம் 10 கோடி. ஐட்டரேட்டருக்கு 20,000 அடி போதும். எண் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் எண்ணுங்கள்.

அதே அக்கா: ஹேஷ்மேப்பில் (ஜாவாவின் டிக்‌ஷனரி மாதிரி) நான் போட்ட வரிசையில் பெயர் வரவில்லையே?

வராது, அது வரிசைக்கு உத்தரவாதம் தருவதில்லை. போட்ட வரிசை வேண்டுமானால் லிங்க்ட்ஹேஷ்மேப், அகர வரிசைக்கு ட்ரீமேப். பைத்தான் டிக்‌ஷனரி 3.7 முதல் போட்ட வரிசையிலேயே வரும். ட்ரீமேப்பில் தமிழ்ப் பெயர் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அது யூனிகோட் எண்படி அடுக்கும், அதில் ஜ எழுத்து ச-வுக்கு அடுத்தே வந்துவிடும். தமிழ் முறைப்படி வேண்டுமானால் மொழியின் வரிசை விதியைச் சொல்லும் கொலேட்டர் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.