பில் பெய்லி பற்றிக் கேட்டீர்கள்: ஹட்டன் ஓர்கன் வாத்தியார் பதில்கள்

இங்கிலாந்தின் பில் பெய்லியைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வாத்தியங்களை வைத்துக்கொண்டு தனியாளாக மேடையேறி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவற்றை முடிச்சுப் போட்டுச் சிரிக்க வைக்கிறவர். இந்த வகைக்குச் 'சர்ரியல்' நகைச்சுவை என்று பெயர். நான் ஹட்டனில் ஓர்கனும் கிட்டாரும் சொல்லிக்கொடுக்கிறவன், திருவிழாக் காலத்தில் இசைக்குழுவில் வாசிக்கிறவன். அதனால் சங்கீதப் பக்கம் கேட்டால் நீட்டி முழக்குவேன். அவருடைய சொத்து எவ்வளவு என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கொட்டகலை: சேர், இவர் ஆரம்பத்திலேயே பெயர் எடுத்துவிட்டாரா?

எங்கே! 1965 ஜனவரி 13ஆம் திகதி பாத் நகரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் மார்க் ரொபர்ட் பெய்லி. பில் பெய்லி என்ற பெயர் வரும் பழைய பாட்டு ஒன்றைக் கிட்டாரில் நன்றாக வாசிக்கிறான் என்று பாடசாலைச் சங்கீத ஆசிரியர் 'பில்' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. நம்முடைய உயர்தரம் மாதிரி அங்கே ஏ லெவல். அதில் அந்தப் பாடசாலையிலேயே சங்கீதம் எடுத்த ஒரே மாணவன் இவர்தான். இங்கே சங்கீதம் எடுக்கிறேன் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளில் நண்பரோடு சேர்ந்து 'ரப்பர் பிஷப்ஸ்' என்று இருவர் நிகழ்ச்சி. பிறகு 1994இல் ஷோன் லொக் என்ற இன்னொரு நகைச்சுவைக் கலைஞரோடு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ கலை விழாவுக்குப் போனார். கூட்டம் வரவில்லை. ஒரு நாள் மண்டபத்தில் இருந்தது ஒரே ஒருவர், அவரும் இதே தொழில்காரர். இனிச் சரிவராது, தொலைபேசியில் பொருள் விற்கும் வேலைக்குப் போய்விடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். போகவில்லை. அடுத்த வருடம் 'கொஸ்மிக் ஜாம்' என்று தனி நிகழ்ச்சி, அதுதான் திருப்பம். 1996இல் அந்த விழாவின் நகைச்சுவை விருதான பெரியர் விருதுக்கு முன்மொழியப்பட்டு, டிலன் மோரன் என்ற நகைச்சுவைக் கலைஞரிடம் மயிரிழையில் தோற்றார். அந்த மோரனோடுதான் 2000இலிருந்து 'பிளாக் புக்ஸ்' தொடரில் நடித்தார். புத்தகக் கடைக்காரர் மோரன், சிப்பந்தி இவர். ஒரு காட்சியில் முதலாளி பியானோ வாசிக்கிற மாதிரி பாவனை செய்ய, இவர் பியானோவுக்குள்ளேயே உட்கார்ந்து கரண்டியால் தந்திகளைத் தட்டி வாசிப்பார். அதைத் தேடிப் பாருங்கள். துண்டு துண்டாக அல்ல, முழுத் தொடராக.

தலவாக்கலை: அண்ணா, அவர் பாவிக்கிற ஓர்கன் என்ன மொடல்? நானும் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

மொடலில் சிரிப்பு இல்லை தம்பி. 61 கட்டை, அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறைந்தால் போதும். வாங்கினால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கட்டைகளுக்குக் கீழே உள்ள தொடுபுள்ளிகள் பூத்துப்போகும், அப்புறம் நாலு கட்டை பேசும், ஒன்று பேசாது. இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பண்டாரவளை மாணவி: பிறந்தநாள் பாட்டைக்கூட அழவைக்கிற மாதிரி வாசிக்கிறார் சேர். அது எப்படி?

நல்ல கேள்வி தங்கச்சி. 'லிம்போலண்ட்' நிகழ்ச்சியில் வருவது. ஓர்கன் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். பிறந்தநாள் பாட்டு நமக்குத் தெரிந்த சங்கராபரண ராக ஸ்வரங்களில் நடக்கிறது. முதல் வரி ப ப த ப ஸ நி. எந்தச் சுருதி என்றாலும் சரி. இப்போது 'க'வையும் 'த'வையும் மட்டும் அரை ஸ்வரம் இறக்குங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். கீரவாணி ராகம் வந்துவிடும். மூன்றாவது ஸ்வரமே 'த' என்பதால், முதல் வரி முடிவதற்குள் கேக் வெட்டும் வீடு இழவு வீடாகிவிடும். 'க' வருவதற்கு மூன்றாம் வரி வரை பொறுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கேட்கிறவர் சிரிப்பார், காரணம் அது பிள்ளையின் பெயர் சொல்லும் வரி.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது பாருங்கள். வார்த்தை ஒன்றும் மாறவில்லை, தாளம் மாறவில்லை. இரண்டு ஸ்வரம்தான். அந்த இரண்டும் பிசகாமல் விழவேண்டும். ஒன்று தப்பினால் கேட்கிறவர் 'வாசிக்கத் தெரியவில்லை' என்று நினைப்பார், பகிடி செத்துவிடும். நான் திரும்பத் திரும்பச் சொல்கிற எச்சரிக்கை இதுதான். முதலில் சரியாக வாசிக்கப் படியுங்கள், பிறகு கோணலாக வாசிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இதைப் பரிசளிப்பு விழாவில் தேசிய கீதத்தில் செய்து பார்க்காதீர்கள். செய்வேன் என்று ஒரு பையன் என்னிடம் வந்து நின்றான், காலில் விழாத குறையாகத் தடுத்தேன்.

ஹப்புத்தளை: அவர் பறவை ஆர்வலராமே? ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பார்க்க வேண்டிய பறவைகள் எவை?

ஆர்வலர்தான். அல்பிரட் ரஸல் வொலஸ் என்ற இயற்கையியலாளரின் தடத்தில் போய் 2013இல் ஆவணப்படமும் செய்தார். ஹோர்ட்டன் சமவெளிப் பறவைகளுக்கு நான் ஆள் இல்லை, பறவைக்காரர்களைக் கேளுங்கள்.

லிந்துல: அவருடைய ஓர்கன் எந்த மொடல்?

மேலே தலவாக்கலைக்குச் சொன்னதுதான்.

பதுளை: சர்ரியல் என்றால் வாயில் வந்ததைச் சொல்வதுதானே? அதில் என்ன திறமை?

வாயில் வந்ததைச் சொன்னால் இரண்டு நிமிடம் சிரிப்பார்கள், மூன்றாவது நிமிடம் கைப்பேசியை எடுப்பார்கள். ஒரு உதாரணம். அங்கே சின்னப்பிள்ளைகள் வட்டமாக நின்று, காலை உள்ளே வை, வெளியே எடு, ஆட்டு என்று ஆடும் பாட்டு ஒன்று உண்டு. ஜெர்மனியில் 'கிராஃப்ட்வெர்க்' என்ற மின்னிசைக் குழு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ரோபோ மாதிரி நின்று வாசிக்கிறவர்கள். பெய்லி இந்தப் பிள்ளைப் பாட்டை அந்தக் குழுவின் பாணியில், ஜெர்மன் மொழியில் செய்தார். கேட்டால் தொழிற்சாலை இயந்திரத்துக்கு உத்தரவு போடுகிற மாதிரி இருக்கும். 'உள்ளே வை, வெளியே எடு' என்பது முதலிலிருந்தே உத்தரவுதானே, அதை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆக, கண்டபடி ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிஜமாக ஒரு பாலம் இருக்கிறது.

மஸ்கெலியா: வாத்தியார் அண்ணே, வெள்ளைக்காரன் செய்தால் சர்ரியல், நம்ம தோட்டத்துக் காமன் கூத்தில் கோமாளி செய்தால் வெறும் கூத்தா? ரதி அழுதுகொண்டிருக்கும்போது அவன் சினிமாப் பாட்டை எடுத்துவிடுவானே, அது என்ன?

தெரியாதவர்களுக்கு: சிவன் மன்மதனை எரிக்க, மனைவி ரதி அழுகிற கதையை மாசியில் தோட்டங்களில் ஆடுவது காமன் கூத்து. கோமாளியை நான் குறைத்துச் சொல்லவில்லை அண்ணே. ஆனால் அவர் பாட்டை உடைக்கிறார். ரதியின் பாட்டு நிற்கிறது, இவர் பேசுகிறார், ஊர் சிரிக்கிறது, திரும்பவும் பாட்டு தொடங்குகிறது. பெய்லியிடம் சிரிப்பு பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வார்த்தையை எடுத்துவிட்டாலும் ஓர்கன் மட்டும் சிரிக்க வைக்கும். இரண்டும் வேறு வேறு கலை.

நானுஓயா: கையால் தொடாமல் ஒரு பெட்டியை வாசிக்கிறாரே, மாயமா?

தெரமின். 1920 வாக்கில் ரஷ்யாவின் லெவ் தெர்மென் கண்டுபிடித்தது. இரண்டு அன்டெனா. ஒன்றுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், மற்றது சத்தத்தைக் கட்டுப்படுத்தும். கட்டையும் இல்லை, தந்தியும் இல்லை, காதை மட்டும் நம்பி வாசிக்க வேண்டும். பேய்ப்படச் சத்தம்தானே என்று நினைப்போம். அதில் சுருதி பிசகாமல் ஒரு மெட்டு வந்தால் மண்டபம் கைதட்டும்.

பொகவந்தலாவ: நீங்கள் கோமாளியைத்தான் பார்த்தீர்கள், தப்புக்காரரைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் குறும்புக்குப் பிரட்டுத் தப்பு அடித்தார். வயதானவர்கள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்கள்!

இது! இதைத்தான் சொல்கிறேன். தெரியாத இளையவர்களுக்கு: தப்பு என்பது பறை மாதிரித் தோல் வாத்தியம். விடியற்காலையில் தோட்டத்தை வேலைக்குக் கூப்பிட அடிப்பது பிரட்டுத் தப்பு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்தில் ஆள் வருகைக்கு ஓர் அடி. தூரத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்திருப்பவருக்கும் என்ன விஷயம் என்று அடியே சொல்லிவிடும். அப்படி எல்லோர் காதிலும் ஊறிய ஒன்றை, இடம் மாற்றி, பிசகாமல் அடித்திருக்கிறார் உங்கள் ஆள். ஒரு வார்த்தை பேசவில்லை. பெய்லி செய்வதும் இதேதான். ஆனால் மஸ்கெலியா அண்ணன் அவசரப்பட வேண்டாம். இது தப்புக்காரருக்குப் போகிற புள்ளி, கோமாளிக்கு அல்ல.

மஸ்கெலியா (மறுபடியும்): கோமாளி பாட்டை நிறுத்துவதில்லை. ரதியின் ஒப்பாரி மெட்டிலேயே 'கொழுந்து நிறுவை குறைஞ்சுபோச்சே' என்று இழுப்பார். நீங்கள் எந்தத் தோட்டத்தில் பார்த்தீர்கள்?

நான் பார்த்த கோமாளிகள் பேசியவர்கள். மன்மதன் எரிந்ததற்கு அழுகிற அதே மெட்டில், சுருதி மாறாமல், தராசுக்காக அழுகிறார் என்றால் அவர் பெய்லிக்குப் பக்கத்து ஆசனம்தான். அடுத்த மாசியில் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். வார்த்தை எதுவாக இருந்தாலும் மெட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறேன்.

கம்பளை: காமன் கூத்து சடங்கு. விரதம் இருந்து ஆடுவது. அதைக் கொமெடியோடு சேர்த்துப் பேசலாமா?

சேர்த்தது நாங்கள் இல்லை, கூத்தே சேர்த்து வைத்திருக்கிறது. கம்பம் நடும்போது யாரும் சிரிப்பதில்லை, கோமாளி வரும்போது யாரும் கும்பிடுவதில்லை. ஊருக்கு வித்தியாசம் தெரியும்.

இதற்குப் பிறகு பூண்டுலோயா, புசல்லாவ, மாத்தளை என்று கோமாளிக்கும் தப்புக்கும் ஆள் சேர்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாட்டில் வாதாடும் லாவணியின் எரிந்த கட்சி எரியாத கட்சி மாதிரி ஆகிவிட்டது. பெய்லியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அவற்றைத் தவிர்க்கிறேன். பூண்டுலோயாக்காரர் அனுப்பிய நான்கு வகைத் தப்படியின் சொற்கட்டு மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ராகலை: நடனப் போட்டியில் வென்றார் என்பது உண்மையா?

உண்மை. 2020, பிபிசி தொலைக்காட்சியின் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்' போட்டி, நடனக் கலைஞர் ஓட்டி மபூஸ் ஜோடி. அப்போது அவருக்கு 55 வயது, அந்தப் போட்டியில் வென்றவர்களில் அதுவரை அவர்தான் மூத்தவர்.

நோர்வூட்: பெரிய வாத்தியக் குழுவோடு செய்திருக்கிறாரா? ஓர்கன் மொடலும் சொல்லுங்கள்.

செய்திருக்கிறார். 2008இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பிபிசி கொன்சேர்ட் ஓர்கெஸ்ட்ராவோடு. ஒவ்வொரு வாத்தியத்தின் குணத்தையும் சொல்லிச் சொல்லிக் கிண்டல். முழுதாகப் பாருங்கள், மூன்று நிமிடத் துண்டாக அல்ல. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது.

டிக்கோயா மாணவன்: தமிழ்மொழித் தின விழாவில் ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது சேர். பெய்லி மாதிரி ஏதாவது செய்யலாமா?

அவர் மாதிரி வேண்டாம், அவர் முறையில் செய்யுங்கள். மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுங்கள். காலைக் கூட்டத்தில் பாடுகிற பாட்டோ, மலைப்பாதையில் தனியார் பஸ் அடிக்கிற ஹோர்ன் மெட்டோ போதும். முதல் தடவை சுத்தமாக, உள்ளபடி வாசியுங்கள். ஊர் அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஸ்வரமோ, நடையோ, வாத்தியமோ. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் யாருக்கும் பிடிபடாது. வாசிக்கும்போது நீங்கள் சிரிக்கக்கூடாது. ஐந்து நிமிடம் தந்தால் நாலில் இறங்கிவிடுங்கள். பஸ் ஹோர்ன் என்றால் சாமிமலை பஸ்ஸை எடுக்கலாம், அதிபர் அதில்தான் வருகிறார் என்றால் வேறு பஸ் பாருங்கள்.