ஒன்பதாவது பாட்டுக்கு அப்புறம்

வணக்கம் சார்,

அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘இலினாய்’ ஆல்பத்தைப் பற்றி நீங்கள் போன மாதம் போகிறபோக்கில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் ஏழாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். ஆர்கெஸ்ட்ரா பாப் என்கிறார்கள். திரையிசையின் பெரிய வயலின் கூட்டங்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது மெலிவாகத் தெரிகிறது. சில தலைப்புகள் ஒரு பத்தி நீளம். நாலாவது பாட்டு மட்டும் உலுக்கியது. ஆனால் ஒரு கொலைகாரனைப் பற்றி அப்படிப் பாடிவிட்டு, அடுத்த பாட்டிலேயே பான்ஜோவும் வயலினுமாக உற்சாகமாகக் கிளம்பிவிடுவது உறுத்தியது. 2005-இல் விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்களாம். கேட்கிறவனுக்குப் பிடிக்காததை விமர்சகர் கொண்டாடினால் யாரை நம்புவது?

ஒரு வாசகர், ஈரோடு

*

அன்புள்ள நண்பருக்கு,

கொண்டாடியது உண்மைதான். விமர்சனங்களைத் திரட்டி மதிப்பெண் போடும் மெட்டாகிரிடிக்கில் அந்த ஆண்டின் ஆல்பங்களில் இதற்குத்தான் முதலிடம். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணைய இதழ் 10-க்கு 9.2 கொடுத்ததோடு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றும் சொன்னது. ஆனால் அமெரிக்க ஆல்பங்களின் விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்ட் 200 பட்டியலில் 121-ஆம் இடத்துக்கு மேலே அது ஏறவில்லை. நீளத்தைக் குறை சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். 22 தடங்கள், 74 நிமிடம். எனக்கும் அந்தக் குறை உண்டு. நடுநடுவே வரும் குட்டித் துணுக்குகளில் பாதியை எடுத்திருக்கலாம்.

எதற்காகக் கொண்டாடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஸ்டீவன்ஸ் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட்டில் பிறந்தவர். 2003-இல் ‘மிச்சிகன்’ என்று ஓர் ஆல்பம் செய்தார். அப்புறம், அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கொரு ஆல்பம் செய்யப்போவதாக அறிவித்தார். இலினாய் மாநிலத்துக்காக கார்ல் சாண்ட்பர்க், சால் பெல்லோ என்று எழுத்தாளர்களைத் தேடிப் படித்தார், குடியேறிகளின் பதிவேடுகளைப் புரட்டினார். எழுதுகிறவர்களுக்கு இது நல்ல தீனி. ஒரு தனி மனிதர், 50 மாநிலங்கள், அதில் இரண்டாவது. அன்றைய பாராட்டில் கணிசமான பங்கு இந்தத் திட்டத்துக்குப் போனது. 2009-இல் அது விளம்பர உத்திதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். மூன்றாவது மாநிலம் வரவே இல்லை.

அந்தக் காரணம் விழுந்துவிட்டது, ஆல்பம் விழவில்லை. அப்படியானால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மெலிவு பற்றிச் சொன்னீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அங்கே பெரிய வயலின் கூட்டம் கிடையாது. நான்கு பேர் தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒரு குவார்ட்டெட், சில ட்ரம்பெட்கள், நண்பர்கள் சேர்ந்து பாடும் ஒரு கோரஸ், அவ்வளவுதான். பியானோ, பான்ஜோ, ஓபோ, புல்லாங்குழல், அக்கார்டியன் முதலிய மிச்சத்தில் பெரும்பகுதியை ஸ்டீவன்ஸே வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்தார். நியூயார்க்கில் ஒரு சின்ன ஸ்டுடியோ, பியானோவுக்கு புரூக்ளினில் ஒரு தேவாலயம், கொஞ்சம் தன் வீடு. பெரிய அரங்கின் ஆழத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும் கூடத்து வாசலில் நிற்பதாக நினைத்துக் கேளுங்கள், அந்த மெலிவு பிடிக்க ஆரம்பிக்கும். மூன்றாவது பாட்டின் முதல் பாதியை ஐந்தைந்தாகத் தட்டிக்கொண்டே கேளுங்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியைப் பாடும் பகுதி அது. விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை அந்தக் கண்காட்சியையொட்டி நடந்ததுதான்.

நாலாவது பாட்டுக்கு வருகிறேன். ஜான் வெய்ன் கேசி 33 இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றவன். கோமாளி வேடம் போட்டுக் குழந்தைகளை மகிழ்வித்தவன். பலரை வீட்டுக்கு அடியிலேயே புதைத்தவன். கடைசி வரிகளில் ஸ்டீவன்ஸ் சட்டென்று தன் பக்கம் திரும்பி, என் வீட்டுத் தரைப்பலகைக்குக் கீழும் தேடிப்பாருங்கள் என்கிறார். மூச்சு வாங்கும் சத்தத்தோடு முடிகிறது. அதன் பிறகு கொஞ்ச நேரமாவது அமைதி வேண்டும். அவர் தரவில்லை. உங்கள் உறுத்தல் எனக்கும் உண்டு, இத்தனை வருஷத்தில் அது குறையவில்லை. கொலைகாரனும் ஊர்த்திருவிழாவும் ஒரே மாநிலத்தில்தானே இருக்கின்றன என்று சொல்லிப் பார்க்கலாம். எனக்கு அது சமாதானமாக இல்லை.

ஆனால் நீங்கள் ஏழோடு நிறுத்திவிட்டீர்கள். ஒன்பதும் பத்தும் உங்கள் காதில் விழவே இல்லை.

ஒன்பதாவது ‘சிகாகோ’. நிறையப் பேருக்குத் தெரிந்தது இதுதான். 2006-இல் வந்த ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ படம் வழியாக இதற்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். வேன் எடுத்துக்கொண்டு கிளம்பிய ஓர் இளைஞன், நிறையத் தப்பு செய்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். தந்தி வாத்தியங்களும் கோரஸும் அவனைத் தூக்கிக்கொண்டு போகின்றன. ஆறு நிமிடம். ஆல்பத்தின் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அதில் கொட்டித் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அது அடங்கியதும் ஒரு கிட்டார், ஒரு பான்ஜோ. ‘கேசிமிர் புலாஸ்கி டே’. அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்விட்ட போலந்துக் குதிரைப்படைத் தளபதியின் பெயரில் இலினாயில் மார்ச் முதல் திங்கள்கிழமை வரும் விடுமுறை நாள். பாட்டில் அந்தத் தளபதி இல்லை. எலும்புப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணும் அவளை நேசித்த பையனும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரவு வேதபாடக் கூட்டத்தில் அவள்மேல் கைகளை உயர்த்தி ஜெபிக்கிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. மார்ச் முதல் தேதி காலையில் அவள் போய்விடுகிறாள். அவள் மூச்சுவிட்ட மாதிரி அவனுக்குத் தோன்றுகிறது. கடவுளின் மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தவன், அவர் எடுத்துக்கொள்கிறார், எடுத்துக்கொள்கிறார் என்று முடிக்கிறான். குரல் எங்கேயும் உயர்வதில்லை. மிச்சத்தை ஒரு ட்ரம்பெட் வாசிக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்காக எல்லா வீட்டிலும் வேண்டிக்கொண்ட ஒரு மாசி மாதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பிழைக்கவில்லை. அப்புறம் யாரும் அந்த வேண்டுதலைப் பற்றிப் பேசவே இல்லை. நாங்கள் பேசாமல் விட்டதை முன்பின் தெரியாத ஊர்க்காரர் ஒருவர் பாடியிருக்கிறார் என்றுதான் முதல்முறை கேட்டபோது தோன்றியது.

ஆல்பம் வந்து 19 வருஷம் கழித்து, 2024-இல், நடன இயக்குநர் ஜஸ்டின் பெக் இதை முழுக்க நடனமாக்கி நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஏற்றினார். வசனமே கிடையாது. நடன அமைப்புக்காக அவருக்கு பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. நண்பர்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் இழப்புகளைச் சொல்கிறார்கள், கதை அவ்வளவுதான். 50 மாநிலத் திட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. இந்தப் பாட்டு இருந்தது.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். முதல் வாரத்து விமர்சகர் ஆல்பத்தின் அளவைச் சொல்வார், அதுவரைக்கும் நம்புங்கள். எந்தப் பாட்டு உங்களோடு இருக்கும் என்பது அந்த வாரத்தில் அவருக்கும் தெரிந்திருக்காது. பிடிக்கவில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டுச் சொன்னீர்களே, அதற்கு என் மரியாதை. நாலாவது முறை முதலிலிருந்து வேண்டாம். ஒன்பதில் ஆரம்பியுங்கள், ராத்திரியில், ஹெட்ஃபோனில். பத்து முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பதினொன்று அன்றைக்கு வேண்டாம்.

அன்புடன்.